முதல் பெஞ்சு வரை

மார்ச் 3

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீயும் நலமாக மலை ஏறியிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் மரியாதை வாசகம் எனக்கு வராது. கடைசியாக நான் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், காய்ச்சல் என்று பொய் சொல்லித் தலைமையாசிரியருக்கு. வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பூட்டி வைக்கும் குளியல் விடுதியை எங்கே தேடிப் பிடித்தாய்? 'வாரம் இருமுறை தபால் வண்டி உண்டு' என்று அவர்களுடைய துண்டுத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதில் என்ன பெருமை?

விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைச் சுவரில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில், 'காலை ஆறரைக்கு அப்பாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கவும்' என்று ஒரே வரி. ஒரு இயந்திரத்தின் கையேட்டை இப்படி எழுதினால் எங்கள் ஆலையில் சீட்டுக் கிழிந்துவிடும். எங்கே பிடிப்பது? எப்படித் தூக்குவது? இடுப்பில் பிடித்தேன். "கிச்சுகிச்சு மூட்டாதேடா" என்றார். அக்குளில் கை கொடுத்தேன். "நான் என்ன சிமெண்டு மூட்டையா?" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்து ஆறு வருஷமாகியும் அதிகாரம் மட்டும் விழவில்லை.

எழுபத்து மூன்று கிலோ, அக்கா. ஆலையில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் கையால் தூக்கக் கூடாது என்று நானே அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். மருத்துவர் உன் முதுகின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு நாள் வெந்நீர் ஊற்று, கொஞ்சம் மலைநடை, கூட யாரும் போகக் கூடாது" என்று சொன்னபோது, ரொம்பத்தான் அலட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பதினாறாம் தேதி எங்கள் காகித ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு. எல்லா இயந்திரங்களையும் நிறுத்திப் பிரிப்போம். அதிர்வை அளந்து எதைப் பிரிப்பது என்று சொல்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே பதினான்காம் தேதி நீ வந்தே ஆக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைத்தானே எல்லோரும் கடைசியில் எழுதுகிறார்கள்.

உன் தம்பி

 

மார்ச் 7

தம்பிக்கு அக்காவின் அன்பு.

சாப்பிடுகிறாயா? மூன்று வேளையும் முட்டையும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அலமாரியின் மேல்தட்டில் பருப்பு இருக்கிறது.

இங்கே நல்ல குளிர். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மலை பார்த்த ஜன்னல். அவ்வளவுதான். கீழே கல் தொட்டியில் வெந்நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. தீக்குச்சி உரசினாற்போல் ஒரு வாசனை. தேய்த்துவிடும் அம்மா முதல் நாள் என் முதுகில் கை வைத்ததும், "யாரைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். "யாரையும் இல்லையே" என்றேன். "அப்ப ஏன் இன்னும் இறக்கி வைக்கலே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு வலிக்காமல் சிரித்தேன்.

நேற்று தனியாக நடக்கப் போனேன். விடுதி வாசலில் 'முதல் பெஞ்சு: 45 நிமிடம்' என்று ஒரு பலகை. நான் போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து, நான் அவ்வளவு தேய்ந்து போனவளா என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக நாற்பத்தைந்து. விசாரித்தேன். பலகை எழுதிய விடுதிக்காரருக்கு வீடு மேலே இருக்கிறதாம். தினமும் நடந்து இறங்கி வருவார். திரும்பிப் போவது பால் வண்டியில். இருபது வருஷமாக ஏறுகிற எல்லோருக்கும் இறங்குகிற நேரத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்!

அப்பாவைத் தூக்குவது பற்றிக் கேட்டாய். எனக்கு இப்போதெல்லாம் அவ்வளவு கனமாக இருப்பதில்லை. "எழுந்திரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு பொறுத்திரு. பிறகு தூக்கு.

அப்பாவிடம் சொல், கேட்டதாக.

அக்கா

 

மார்ச் 11

அக்காவுக்கு,

நான் நலம். அப்பா இருக்கிறார்.

இரண்டாவது வாக்கியம் என்னுடையது இல்லை. எழுத உட்கார்ந்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாருக்குடா?"

"அக்காவுக்கு."

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கே?"

"அப்பா நலம்னு."

"அடி. அதை அடிச்சுடு. நான் நலம்னா அப்புறம் அவ என்னடா பண்ணுவா? 'இருக்கிறார்'னு மட்டும் எழுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஒரு மூச்சு பொறுத்துப் பார்த்தேன். இரண்டு மூச்சு, ஐந்து மூச்சு பொறுத்தும் பார்த்தேன். அதே எழுபத்து மூன்று கிலோ. "என் மக தூக்கினா பூ மாதிரி தூக்குவா" என்கிறார். "பூவை யாரும் அக்குள்ல கை குடுத்துத் தூக்கறதில்லே" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியான நாள்.

பின்கட்டில் தண்ணீர் மோட்டார் கடகடவென்று சத்தம் போடுகிறதே, எத்தனை மாதமாக? நீ எப்படிப் பொறுத்துக்கொண்டாய்? பேரிங்கில் தேய்மானம் என்று முடிவு கட்டி மோட்டாரைப் பிரித்துப் புதிய பேரிங் போட்டேன். பழைய பேரிங் புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆலையிலிருந்து அதிர்வுப் பதிவுக் கருவியைக் கொண்டு வந்து நடைவழித் தரையில் வைக்கப் போகிறேன். ஒரு வாரம் ஓடினால் எங்கிருந்து வருகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பலகைக் கதையைப் படித்துவிட்டு அப்பா சிரித்தார். நானும்தான்.

பதினான்காம் தேதி எந்த வண்டி?

உன் தம்பி

 

மார்ச் 14

தம்பிக்கு அக்காவின் அன்பு.

உன் உடம்பு எப்படி? என் முதுகு எனக்கே மறந்துபோகும் அளவுக்கு இருக்கிறது.

இன்று நான் வரவில்லை, எனக்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது. கோபப்படாதே. விடுதிக்காரரிடம் பலகையின் தவறைச் சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நில அளவை அலுவலகத்தில் எட்டு வருஷம் வரைபடம் போட்ட கை என்றேன். உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். விருந்தினர்களுக்குக் கொடுக்கும் நடைபாதை வரைபடம் அது. ஓடை மலை மேல் ஏறிப் போகிறது, தம்பி! நான் திருத்திக் கொடுத்தால், கொடுக்கும்வரை அறையும் சாப்பாடும் அவர் பொறுப்பு. இன்னும் ஐந்து வாரம் வேண்டும். பக்கத்துத் தெருவில் பகல் நேரத்துக்கு வருகிற நர்ஸம்மா இருக்கிறார். காலையில் மூன்று மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் வரச் சொல். நீ ஆலைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று. சொல்லாமலும் விடலாம், சொல்லிவிடுகிறேன். இங்கே மலைப்பாதைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. என் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு, இந்த மலையின் இருபத்திரண்டு பாதைகளையும் புதிதாக அளந்து வரைய வருகிறீர்களா, ஒரு வருஷ வேலை, சம்பளத்தோடு, என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் அப்பா எழுந்து நடக்க முடியாமல் இருக்கிறார், முடியாது என்று சொல்லிவிட்டேன். மே முதல் தேதி வரை காத்திருக்கிறோம் என்றார்கள். காத்திருக்க வேண்டாம் என்றேன்.

அப்பாவுக்கு மாலையில் கால் பிடித்துவிடு.

அக்கா

 

மார்ச் 27

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் பொறுமை இன்று எனக்கு இல்லை. ஒரே மூச்சில் சொல்கிறேன்.

நர்ஸம்மா ஏழு மணிக்கு வந்து பத்துக்குப் போவார், திரும்ப ஒரு மணிக்கு வருவார். நடுவில் மூன்று மணி நேரம் அப்பா தனியாக. கருவியை நடைவழியில் வைத்துவிட்டு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நேற்றுதான் பதிவைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. மோட்டார் சத்தத்துக்குக் காரணம் சுவரில் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கிளாம்ப்பின் தளர்ந்த திருகு. அரை நிமிட வேலை. பேரிங் காசு தண்டம்.

ஆனால் பதிவில் வேறு ஒன்றும் இருந்தது. தினமும் காலை பத்தரை மணிக்கு மேல், படுக்கையறையிலிருந்து சமையலறைப் பக்கம் பதினாறு அதிர்வுகள். ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்று கனம், ஒன்று லேசு. ஒன்பது நிமிடம் அமைதி. பிறகு அதே பதினாறு திரும்பி வருகிறது. எட்டு நாளும் இதேதான்.

அப்பாவிடம் கேட்டேன். "பூனையா இருக்கும்" என்றார்.

"எழுபது கிலோவிலா?"

"கொழுத்த பூனைடா. எதிர்வீட்டுத் தையல்காரர் வளர்க்கிறது."

இன்று காலை ஆலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பத்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டு, அக்கா. இடக்கையால் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு. மூன்று கரண்டி.

"அப்பா."

திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வந்துட்டியா? உனக்கும் ஒரு கப் போடட்டுமா?"

"எத்தனை நாளா?"

"சர்க்கரையா?"

"நடக்கிறது!"

கரண்டியை டம்ளருக்குள்ளேயே விட்டார். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அவளுடைய முதுகெலும்பு தேய்ந்த படத்தை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் அடுப்பை அணைத்தார். பதினாறு அடி நடந்து போய்ப் படுத்துக்கொண்டார். போகும் வழியில் தரையில் இருந்த கருவியைப் பார்த்து, "இதுதானா காட்டிக்குடுத்தது?" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே, மலைப்பாதைச் சங்கத்துக்கு நீ சொன்ன காரணம் இனிச் செல்லாது. மே முதல் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அப்பா நடக்கிறார்.

உன் தம்பி

 

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீ நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நான்கு தபால் வண்டிகள் இறங்கிவிட்டன. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பாதையில் தவறி விழுந்துவிட்டாயோ என்று விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "அவங்களா? நல்லா இருக்காங்களே, காலைல மேல ஏறிப் போயிட்டாங்க" என்றார்கள். நீ நல்லா இருந்து எழுதாமல் இருப்பது, விழுந்து எழுதாமல் இருப்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடிதத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக எழுதிவிட்டேன். ஏமாற்றியவர் அவர், தண்டனை எனக்கா?

இங்கே அப்பா வேலைநிறுத்தம். இப்போது எழுந்து நடப்பதே இல்லை. "அவ பதில் வரட்டும்" என்கிறார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, "தபால் வந்துச்சா?" முதல் ஒரு வாரம் நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பாதிக் கன்னத்தில் நுரையோடு அவராகவே ஆரம்பித்தார்.

"நான் மொத மொதல்ல எழுந்து நின்னது ஒரு செவ்வாய்க்கிழமை. சுவரைப் பிடிச்சுக்கிட்டு கதவு வரைக்கும் வந்துட்டேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு வாயைத் திறந்தேன். அவ போன்ல பேசிட்டிருந்தா. ஆபீஸ்லேருந்து."

"என்ன ஆபீஸ்?"

"அவ ஆபீஸ்தான். நில அளவை. திரும்ப வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. இவ, 'அப்பாவை விட்டுட்டு எப்படிங்க வர்றது? அவரால எழுந்துக்கவே முடியாது'ன்னா. போனை வெச்சா. வெச்சுட்டு, பெரிய மூச்சு ஒண்ணு விட்டா பாரு. பரீட்சை தள்ளிப் போன புள்ள மாதிரி. அவளுக்குப் போக இஷ்டமில்லே. ஒரு சாக்கு வேணும். சரி, நாமளே சாக்கா இருந்துட்டுப் போவோம்னு திரும்பிப் போய்ப் படுத்துட்டேன்."

"ரெண்டு வருஷமா?"

"சும்மா சொல்லக் கூடாது. எனக்கும் சுகமாத்தான் இருந்துது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் கால் பிடிச்சு விடறது. அப்புறம் எப்படிடா எழுந்துக்கறது? எந்த நாளைப் பார்த்து எழுந்துக்கறது?"

மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டேன்.

எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

 

ஏப்ரல் 14

தம்பிக்கு அக்காவின் அன்பு. நான் நலம். விழவில்லை.

உன் முந்தைய கடிதம் மார்ச் முப்பதாம் தேதியே வந்துவிட்டது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். தினமும் மேலே ஏறிப் போனேன். உன்மேல் கோபம் இல்லை. பொய் சொல்லாமல் ஒரு பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

அப்பா நடக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

படுத்தே கிடக்கிறவருடைய செருப்பு தேயுமா, தம்பி? கட்டிலடியைப் பெருக்கும்போது பார்த்தேன். வலது செருப்பின் வெளிக்குதி மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை கடைக்குப் போய் அதே பழுப்பு நிறத்தில், அதே அளவில் ஒரு ஜோடி வாங்கினேன். புதுசு என்று தெரியக் கூடாதல்லவா? நானே நாலு நாள் பின்கட்டில் போட்டு நடந்து அழுக்காக்கி, அவர் தூங்கும்போது மாற்றி வைத்தேன். இரண்டு வருஷத்தில் மூன்று ஜோடி. நான் இல்லாத நேரம் தேநீரில் அள்ளிப் போட்டுக்கொள்வாரே என்று சர்க்கரை டப்பாவிலும் தினம் கொஞ்சம்தான் போட்டு வைப்பேன்.

அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் என்னைத் தூக்கவிடும்போது பாதி எடையைத் தன் காலில் வாங்கிக்கொள்வார். உன்னிடம் முழு எடையையும் போட்டிருக்கிறார். அது, எனக்குப் பதிலாக நீ வந்து நின்றதில் உன்மேல் உள்ள கோபம். என் முதுகு போனது முதல் நாலு வருஷத்தில்; அப்போது அவர் நிஜமாகவே கனம். அதை அவர்மேல் போடாதே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அலுவலகத்தில் இப்போது பேனாவும் இல்லை, வரைபலகையும் இல்லை, எல்லாம் திரைதான் என்று சொன்னார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பயந்துவிட்டேன். 'அப்பாவால் முடியாது' என்று சொன்னதும் எவ்வளவு நிம்மதி! அவர் எழுந்துவிட்டால் அந்த நிம்மதி போய்விடும். அதனால் செருப்பு வாங்கினேன்.

அவர் கதவருகே நின்று கேட்டார் என்பது நீ எழுதித்தான் தெரியும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்துகொண்டிருந்திருக்கிறோம், பார்.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. முழுவதும்.

அக்கா

 

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

வணக்கம். மன்னித்துக்கொள். நான் அளந்தது சரி, கட்டிய முடிவு தப்பு. பேரிங்கில் செய்த அதே தப்பு.

படித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "எடு" என்றார். கட்டிலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு ஜோடியா?"

"அப்படித்தான் எழுதியிருக்கா."

"நடுவுல ஒரு ஜோடி கொஞ்சம் இறுக்கமா இருந்துது. காலு வீங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்டா." பிறகு, "கள்ளி. போட்டு நடந்து அழுக்காக்கியிருக்கா பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் குலுங்கியது. சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டார். நடைவழியைத் தாண்டினார், வாசலைத் தாண்டினார், தெருவில் இறங்கினார். பட்டப்பகல். தையல்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எல்லாம் துப்பிவிட்டார்.

"சார்! யாரு சார் இது?"

"பழைய டிரைவர்தான்யா. வண்டி ரிப்பேருக்குப் போயிருந்துது."

"ஆறு வருஷமா?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கலே."

தெருமுனை வரை போய்த் திரும்பினோம். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். அன்று மத்தியானம் நர்ஸம்மாவுக்கு அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் டம்ளரை வாங்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மே முதல் தேதிக்குப் பதினோரு நாள். நான் எதுவும் சொல்லப் போவதில்லை. திரை என்றால் பயமா? நான் ஆலையில் சேர்ந்த முதல் மாதம் கருவியைத் தலைகீழாக வைத்து அளந்து ஒரு நல்ல இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். இன்றும் என்னை 'தலைகீழ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாரும் சாகவில்லை. சரி, சொல்லிவிட்டேன்.

பருப்பு வேக வைக்கக் கற்றுக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

 

மே 2

தம்பிக்கு, உன் அக்கா நலம்.

ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் போய்ச் சரி என்று சொன்னேன். படியில் மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு. சங்கத்துக்காரம்மா, "தெரியும், ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். அதான் பூட்டலே" என்றார்.

ஒரு சின்னத் திரையைக் கையில் கொடுத்தார்கள். நடந்தால் நடந்த வழியை அதுவே புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொள்கிறது. நேற்று அதை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சு வரை போனேன். கை நடுங்கியது. அறைக்கு வந்து பார்த்தால் கோடு ஒழுங்காக விழுந்திருக்கிறது. என்னைத் தவிர வேறு எதுவும் நடுங்கவில்லை போலிருக்கிறது. பாதையில் ஒரு வளைவை நான் பென்சிலில் சரியாகப் போட்டிருந்தேன், திரை தப்பாகப் போட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்: சந்தோஷமாக இருந்தது.

'அப்பா நலமா?' என்று நான் ஆறு வருஷமாக யாரையும் கேட்டதில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற இடத்தில் இருந்தேன். முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அப்பா நலமா?

அக்கா

 

மே 17

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொண்டு வந்தவர் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பார். முதலில் அவரை உட்காரச் சொல்.

உன் கேள்வியைப் படித்துக் காட்டி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நேர்லயே பாத்துக்கட்டும்" என்றார். மறுநாள் பார்த்தால் பெட்டியில் நான்கு சட்டை, ஒரு துண்டு, சவரக்கத்தி. ஏழு மணி நேரப் பயணம், நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா வழியெல்லாம் அளந்துக்கிட்டே வருவே" என்றார். ஆலை மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, போகலாம், பத்து நாளில் திரும்பி வந்து காட்டட்டும் என்றார். அதனால்தான் விட்டேன். பயமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது. மூன்று கரண்டி சர்க்கரை கேட்பார். கொடுக்காதே. அவரை எங்கேயும் தூக்காதே. கை கொடுத்தாலே தட்டிவிடுவார்.

வீட்டில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது, அதிகாரக் குரலும் ஊருக்குப் போகிறது. இந்த அமைதியைத்தான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பவில்லை, அதற்குள்ளேயே பிடிக்கவில்லை.

சேர்ந்ததும் ஒரு வரி எழுதச் சொல். அவரால் எழுத முடியாதே, நீயே எழுதிவிடு.

உன் தம்பி

 

மே 21

டேய் இன்ஜினியரு,

கோழி கிளறினாற்போல இருக்கிறதே என்று பார்க்காதே. வலக்கையால்தான் எழுதுகிறேன். ஒரு வருஷமாக வருகிறது. கையைப் பற்றி நீ கேட்கவே இல்லை. உன் மிஷின் காலை மட்டும்தான் பிடித்தது. உன் அக்காவுக்கும் தெரியாது. பேனாவை எடுத்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். செருப்புக்குக் கணக்கு நேராகிவிட்டது.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு. கிளச்சிலேயே காலை வைத்துக்கொண்டு மலை ஏற்றுகிறான். ஏழாவது வளைவில் சொன்னேன். "பெரியவரே, நீங்க ஓட்டறீங்களா?" என்றான். ஓட்டியிருப்பேன்.

உன் அக்கா கறுத்துவிட்டாள். நடை வேகமாகிவிட்டது. முன்னால் போய்விட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறாள். கிட்டே போனதும் எழுந்து திரும்பவும் போய்விடுகிறாள். ஒரு இடத்திலும் கை கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை.

இன்று அந்த முதல் பெஞ்சு வரை ஏறினேன். இரண்டு மணி இருபது நிமிடம். வாசல் பலகையை உன் அக்கா மாற்றியிருக்கிறாள்: 'ஏற 1 மணி 30, இறங்க 45'. எனக்கு அது போதாது, என்னை மாதிரி ஆட்களுக்குத் தனியாக ஒரு வரி போடு என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறாளாம்.

டாக்டர் சொன்ன பத்து நாளுக்குள் வந்துவிடுவேன். அவள் வேலையைப் பார்க்கட்டும். வீட்டில் எனக்குச் சமையல் நீதான், தேநீர் நான்.

இந்தக் கடிதத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பக்கத்தில் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் நலம். இதை அடிக்காதே.

அப்பா